பெட்டி கட்டும் முன்னர் எங்களைக் கேளுங்கள்

புலம்பெயர்ந்து வாழும் வல்வெட்டித்துறை உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பி தங்கச்சிமாரே,

ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் ஒஸ்லோவிலும் சூரிச்சிலும் சிட்னியிலும் இருந்துகொண்டு ஊர் வீடுகளுக்கு மின்சாரச் சாமான்கள் அனுப்புகிற உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். ஊரில் வீட்டு வயரிங் வேலை செய்பவன் நான். ஊறணியிலும் தீருவிலிலும் ரேவடியிலும் நீங்கள் பிறந்து வளர்ந்த வீடுகளின் சுவருக்குள் எந்தக் கம்பி எப்படி ஓடுகிறது என்று பார்த்துப் பழகியவன். உங்கள் அன்பில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அந்த அன்போடு சேர்ந்து எங்கள் குசினிகளுக்குள் ஓர் ஆபத்தும் வந்து இறங்குகிறது. அதைச் சுற்றி வளைக்காமல் உங்களிடமே சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் கனடாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்களிடம் பேசுகிறேன். உங்கள் வீட்டுச் சுவரில் வருவது 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். எங்கள் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். ஏறக்குறைய இரண்டு மடங்குதானே, கொஞ்சம் கூடச் சூடாகும், அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு அப்படிப் போவதில்லை. அயன் பெட்டி, கேற்றில், றைஸ் குக்கர், ரோஸ்ரர் போன்ற சூடாக்கும் சாமான்களில் வோல்ற்றேஜ் இரண்டு மடங்கானால் இழுக்கும் வலு நான்கு மடங்காகும். 120க்குச் செய்த 1000 வாட்ஸ் அயன் பெட்டியை 230 இல் செருகினால் அது 3600 வாட்ஸுக்கு மேல் இழுக்கப் பார்க்கும். உள்ளே இருக்கும் வெப்பப் பியூஸ் உடனே போனால் நல்ல காலம். போகாவிட்டால் சுருள் சிவந்து, பிளாஸ்ரிக் உருகி, பக்கத்தில் இருக்கும் துணி பிடிக்கும். அந்த நேரம் பக்கத்தில் நிற்பது உங்கள் அம்மா.

“ரான்ஸ்போமர் வைத்துப் போட்டால் சரிதானே?” என்று கேட்கிறீர்கள். சில சாமான்களுக்குச் சரி. ஆனால் அந்த ரான்ஸ்போமர் எவ்வளவு வலுத் தாங்கும் என்று பார்த்தா அனுப்புகிறீர்கள்? 500 வாட்ஸ் தாங்குகிற ரான்ஸ்போமரில் 1200 வாட்ஸ் குக்கரைக் கொழுவினால் முதலில் கொதிப்பது சோறல்ல, ரான்ஸ்போமர். 1200 வாட்ஸைத் தாங்கக்கூடியது பல கிலோ எடை வரும். விலை குக்கரின் விலையைத் தாண்டிவிடும். பயணக் கடைகளில் கைக்குள் அடங்கும் அளவில், எடையே இல்லாமல் விற்கும் மாற்றிகள் இன்னும் மோசம். அவை மின் அலையின் ஒரு பகுதியை வெட்டி எறிந்து வோல்ற்றேஜைக் குறைத்துக் காட்டுகின்றன. தலைமயிர் உலர்த்தியைச் சில நிமிடம் ஓட்டுவதற்கு அது போதும். மின்னணுச் சுற்று உள்ள எதையும் அது பழுதாக்கிவிடும்.

இன்னொன்றையும் நீங்கள் கவனிப்பதில்லை. ரான்ஸ்போமர் வோல்ற்றேஜை மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது. 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த பிரிட்ஜின் கொம்பிரசர் மோட்டர் எங்கள் 50 ஹேர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து சுற்றும். குறைந்து சுற்றுவதோடு கூடச் சூடாகும். இரும்பு உள்ளகம் கொண்ட ரான்ஸ்போமர் உள்ள மைக்ரோவேவ் அடுப்புக்கும் இதே கதிதான். மின்வலையின் அதிர்வை நம்பி ஓடுகிற மேசைக் கடிகாரம் மணிக்குப் பத்து நிமிடம் பிந்தும். கடிகாரம் பிந்தினால் சிரித்துவிட்டுப் போகலாம். கொம்பிரசர் எரிந்தால், ஊரில் கிடைக்காத உதிரிப்பாகத்தைத் தேடிக்கொண்டு வயதான ஓர் ஐயா வெயிலில் நெல்லியடிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பஸ் ஏறித் திரிகிறார். தேடிக் களைத்த பிறகு பிரிட்ஜ் வராந்தாவில் துணி போடுகிற மேசையாகிவிடுகிறது.

அது எரிந்த செய்தி உங்களுக்கு வந்து சேரும்போது நீங்கள் சொல்கிற ஒரு வசனம் எனக்கு வருத்தம் தருகிறது. “ஊர்க் கறண்ட் சரியில்லை” என்கிறீர்கள். உறவுகளே, ஊர்க் கறண்ட் கூடிக் குறைகிறது, நின்று வருகிறது, இதெல்லாம் உண்மை. ஆனால் 230 வோல்ற் எங்கள் குறைபாடு அல்ல. இங்கிலாந்திலும் ஐரோப்பா முழுவதிலும் அவுஸ்திரேலியாவிலும் இந்தியாவிலும் வருவது இதே 230 வோல்ற்தான். உலகத்தின் பெரும்பகுதி 230 ஐ ஒட்டியே ஓடுகிறது; உங்கள் பக்கம்தான் வேறு வழியில் போனது. நூறு வருடங்களுக்கும் முன்னரே எடிசனின் கம்பனி 110 வோல்ற்றோடு தொடங்கியதை வட அமெரிக்கா பிடித்துக்கொண்டது. பேர்லினின் மின் கம்பனி 1899 இல் 220க்கு மாறியதை ஐரோப்பா பின்பற்றியது. அது யாருடைய பிழையும் இல்லை. ஆகவே சாமான் எரிந்தால் பழியை எங்கள் தலையில் கட்டாதீர்கள்.

நீங்கள் இருக்கிற ஒன்ராறியோவுக்கே இந்தத் துன்பம் நன்றாகத் தெரியும். நயகராவின் நீரில் பிறந்த மின்சாரம் முன்னர் தென் ஒன்ராறியோவுக்கு 25 ஹேர்ட்ஸில்தான் வந்தது. 1949 இல் தொடங்கி 1959 வரை பத்து வருடம் செலவழித்து, ஒன்ராறியோ ஹைட்ரோ அதை 60 ஹேர்ட்ஸுக்கு மாற்றியது. அந்த மாற்றத்துக்காக மின்வாரிய ஆட்கள் வீடு வீடாகப் போனார்கள். சலவை இயந்திரம், பிரிட்ஜ், கடிகாரம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, மோட்டரை மாற்றிக் கொடுத்தார்கள். சாமானை மின்சாரத்துக்கு ஏற்றதாக்குவது அனுப்புகிறவனின் பொறுப்பு என்பதை உங்கள் மாகாணமே அப்படி ஒப்புக்கொண்டது. வீட்டுக்காரரைத் தனியே தவிக்க விடவில்லை. நாங்கள் கேட்பதும் அவ்வளவுதான்.

ஏன், உங்கள் குசினியையே திரும்பிப் பாருங்கள். தோசைக்கு அரைக்க நீங்கள் வாங்கி வைத்திருக்கும் மிக்ஸியைச் சென்னைக் கம்பனிகள் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் என்றே 110 வோல்ற்றில் தனியாகச் செய்து அனுப்புகின்றன. இந்தியாவில் விற்கும் 230 வோல்ற் மிக்ஸியை அப்படியே உங்களிடம் தள்ளிவிடவில்லை. முகம் தெரியாத வியாபாரி உங்களுக்காக எடுத்த அந்த அக்கறையை, பெற்றவளுக்காக நீங்கள் எடுக்கக் கூடாதா?

இனி ஐரோப்பாவில் இருக்கும் உறவுகளிடம் வருகிறேன். பிரான்ஸ், ஜேர்மனி, நோர்வே, டென்மார்க், சுவிஸ், எங்கேயும் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ்தான். அதனால் உங்கள் சாமான் இங்கே ஓடும். ஓடும் என்பதாலேயே உங்களில் பலர் பயப்படுவதில்லை. உங்கள் ஆபத்து பிளக்கில் இருக்கிறது. ஜேர்மன் பிளக்கில் எர்த் இரண்டு பக்கத்துத் தகடுகளில் தொடும். பிரெஞ்சுப் பிளக்கில் எர்த் ஒரு துளைக்குள் போகும். எங்கள் பொயின்ற்றிலோ எர்த்துக்குத் தனி முள் வேண்டும். உங்கள் இரண்டு முள்ளை எங்கள் பொயின்ற்றுக்குள் நுழைப்பதற்கு இங்கே ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. எர்த் துளைக்குள் பேனையை அல்லது சீப்பின் காம்பை விட்டு உள் மூடியைத் திறந்துவிட்டு, இரண்டு முள்ளையும் தள்ளிவிடுவது. சாமான் ஓடும். எர்த் மட்டும் தொடாது.

போன் சார்ஜருக்கு அது பெரிய பிழை இல்லை. சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட குறி அதில் இருக்கும். எர்த் இல்லாமலே பாதுகாப்பாக இருக்கும்படி இரட்டைக் காப்பு உள்ள சாமான் அது. சலவை இயந்திரமும் மின் அடுப்பும் இரும்புக் கேற்றிலும் அப்படி அல்ல. உள்ளே ஒரு கம்பி நைந்து சாமானின் உடம்பில் பட்டால், எர்த் இருக்கும்போது கறண்ட் நிலத்துக்குள் இறங்கும். எர்த் இல்லாவிட்டால் உடம்பிலேயே தங்கி, தொடுகிற ஆளுக்காகக் காத்திருக்கும். எங்கள் வீடுகளில் சீமெந்துத் தரை. குசினியிலும் கிணற்றடியிலும் ஈரம். காலில் செருப்பு இல்லை. கடற்காற்றின் உப்பு எந்த இணைப்பையும் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கிறது. இத்தனைக்கும் நடுவில் நின்றுகொண்டு உங்கள் சித்தி சலவை இயந்திரத்தின் கதவைத் திறக்கிறா. அவுஸ்திரேலியச் சரிந்த முள்ளுக்கும் இதே எச்சரிக்கைதான்.

லண்டன்காரர் இதுவரைக்கும் ஆறுதலாக வாசித்திருப்பீர்கள். வோல்ற்றேஜ் ஒன்று, ஹேர்ட்ஸ் ஒன்று, சதுர முள் 13 அம்பியர் பிளக்கும் ஒன்று. இலங்கையின் தேசியத் தரமும் இப்போது அதுவே. ஆனால் உங்கள் 3000 வாட்ஸ் கேற்றில் 13 அம்பியர் இழுக்கும். நீங்கள் விட்டுப் போன பழைய வீட்டில் இருப்பது வட்ட முள் 5 அம்பியர் பொயின்ற். அதற்குப் பின்னால் ஓடும் கம்பி ஒரு லைற்றுக்கும் ஒரு றேடியோவுக்கும் என்று அந்தக் காலத்தில் இழுத்தது. கடையில் ஒரு அடாப்ரர் வாங்கி, அந்தப் பொயின்ற்றில் உங்கள் கேற்றிலைக் கொழுவுகிறார்கள். தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் சுவருக்குள் கம்பியும் கொதிக்கிறது. கருகிப்போன பொயின்ற்றுகளை மாற்றுவது எனக்கு வழமையான வேலையாகிவிட்டது. தேத்தண்ணி கொதிக்க வைக்க 5 அம்பியர் பொயின்ற் செய்யப்படவில்லை என்பதை அனுப்புகிற நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் ஊரில் உள்ளவர்களே தெரிந்து நடக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எங்கள் முதியவர்கள் எந்தக் காலத்தைத் தாண்டி வந்தவர்கள் என்று மறந்துவிடாதீர்கள். 1990 இல் குடாநாட்டுக்கு வந்த மின்வழி அறுந்தது. வருடக் கணக்காக ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். பிறகு டீசல் இயந்திரங்களின் மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தாலும், நாட்டின் மின்வலையோடு யாழ்ப்பாணம் திரும்பச் சேர்ந்தது 2013 இல்தான். நீங்கள் மின்சாரச் சாமான்களோடு பழகிய அந்த வருடங்களில் அவர்கள் இருட்டோடு பழகினார்கள். இடம்பெயர்ந்து திரும்பியவர்கள் உடைந்த வீடுகளை அவசரம் அவசரமாகத் திருத்திக் குடியேறினார்கள். அந்த அவசரத்தில் இழுத்த வயரிங் இன்னும் பல வீடுகளில் அப்படியே கிடக்கிறது. அதற்குள்தான் உங்கள் புதுச் சாமான் வந்து இறங்குகிறது, ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ நோர்வேஜிய மொழியிலோ அச்சடித்த ஒரு குறிப்புப் புத்தகத்தோடு.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. பிள்ளை அனுப்பியதை வேண்டாம் என்று சொல்ல எங்கள் அம்மாமாருக்கு வாய் வராது. “இது இங்கை போடேலாது அம்மா, எடுத்து வையுங்கோ” என்று நான் சொன்னால், “பிள்ளை கஷ்டப்பட்டு உழைச்சு அனுப்பினது, போடாமல் வைச்சா அவன் கேட்டால் என்ன சொல்லுறது?” என்கிறார்கள். வீடியோவில் நீங்கள் கூப்பிடும்போது “நல்லா வேலை செய்யுது ராசா” என்று உங்களிடம் சொல்கிறார்கள். கறண்ட் சுள்ளென்று இழுப்பதைச் சொல்வதில்லை. அயன் பெட்டியைத் தொடும்போது பலகையில் ஏறி நிற்பதைச் சொல்வதில்லை. உங்கள் மனம் நோகக்கூடாது என்று தங்கள் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். இந்தச் சுமையை அவர்கள் தலையில் இருந்து இறக்கக்கூடியவர்கள் நீங்கள் மட்டுமே. வயரிங்காரன் சொல்லி அது நடக்காது.

ஊர்ச் சங்கங்களையும் பழைய மாணவர் சங்கங்களையும் நடத்துகிற பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. வைத்தியசாலைக்கும் முதியோர் இல்லத்துக்கும் நீங்கள் அனுப்பும் மருத்துவக் கருவிகளை நன்றியோடு வாங்குகிறோம். ஆனால் கனடாவிலிருந்து வரும் நெபுலைசரும் ஒட்சிசன் செறிவாக்கியும் பெரும்பாலும் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸுக்கே செய்தவை. உள்ளே கொம்பிரசர் ஓடுகிற கருவிகள் அவை. ரான்ஸ்போமர் போட்டு வோல்ற்றேஜைச் சரிசெய்தாலும் அதிர்வு மாறாது. காற்று குறைவாக வரும், மோட்டர் சூடேறும். மூச்சுக்குத் தவிக்கிற ஒருவருக்கு அதைப் போட்டுவிட்டு, ஓடுகிறது என்று நம்பி இருப்பது கருவியே இல்லாமல் இருப்பதைவிட ஆபத்து. உலகச் சுகாதார நிறுவனம் 2000 ஆம் ஆண்டிலேயே மருத்துவக் கருவி நன்கொடைக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதன் அடிப்படை எளியது: கொடுப்பது பெறுகிறவருக்குப் பயன்பட வேண்டும், பெறுகிறவரின் விருப்பத்தையும் நிலைமையையும் மதிக்க வேண்டும், உங்கள் நாட்டில் ஏற்காத தரத்தை இன்னொரு நாட்டுக்குக் கொடுக்கக்கூடாது, இருவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். இந்த நான்கையும் உங்கள் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கொள்கலனை நிரப்புவதற்கு முன்னர் இங்கே உள்ள வைத்தியரிடமோ தொழில்நுட்பவியலாளரிடமோ ஒரு பட்டியல் கேளுங்கள்.

நாங்கள் கடலோடிகளின் பிள்ளைகள். எங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். எங்கள் ஊர்க் கடலோடிகள் அதை ஓட்டிக்கொண்டு 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். எந்தத் துறையில் எவ்வளவு ஆழம், எந்த மாதம் எந்தக் காற்று என்று கேட்டறியாமல் அந்தத் தண்டையல்மார் பாய் விரித்ததில்லை. போய்ச் சேருகிற இடத்தை விசாரித்துவிட்டுச் சரக்கு ஏற்றுவது எங்கள் இரத்தத்தில் ஊறிய பழக்கம். பெட்டி கட்டும்போது அந்தப் பழக்கத்தைக் கைவிடாதீர்கள்.

ஆகவே உங்களிடம் சில கேட்கிறேன்.

சாமானை வாங்கும் முன்னர் அதன் பின்பக்கத்திலோ அடியிலோ ஒட்டியிருக்கும் சிட்டையை வாசியுங்கள். 100–240 வோல்ற், 50/60 ஹேர்ட்ஸ் என்று இருந்தால் பிளக்கை மட்டும் பார்த்தால் போதும். மடிக்கணினி, போன், கமராவின் சார்ஜர்கள் பெரும்பாலும் இந்த வகை. 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால் அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், எவ்வளவு நல்ல பெயர் எடுத்த கம்பனியாக இருந்தாலும் எங்களுக்கு அனுப்பாதீர்கள். விளங்காவிட்டால் சிட்டையைப் படம் எடுத்து ஊரில் உள்ள ஒரு வயரிங்காரருக்கு வைபரில் போடுங்கள். பதில் சொல்ல ஒரு நிமிடம் போதும். யாரும் அதற்குக் காசு கேட்கமாட்டோம்.

சூடாக்கும் சாமான்களையும் மோட்டர் உள்ள சாமான்களையும் கூடியவரை இங்கேயே வாங்கிக் கொடுங்கள். பருத்தித்துறையிலும் நெல்லியடியிலும் யாழ்ப்பாணத்திலும் அவை கிடைக்கின்றன. உத்தரவாதம் உண்டு, உதிரிப்பாகம் உண்டு, பழுதானால் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடம் உண்டு. அனுப்பும் கூலியைச் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்; பல நேரம் இங்கே வாங்குவதுதான் இலாபம்.

ஐரோப்பாவிலிருந்து அனுப்பியே ஆகவேண்டும் என்றால், இங்கே வந்து சேர்ந்த பிறகு அந்தப் பிளக்கை வெட்டி, எர்த்தோடு மூன்று முள் 13 அம்பியர் பிளக் போடுவதற்கும் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். மண்ணிறம், நீலம், பச்சை மஞ்சள் என்ற மூன்று கம்பியில் பச்சை மஞ்சள்தான் எர்த். அது தொங்கிக்கொண்டு நின்றால் அந்தச் சாமானை யாரும் தொடக்கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த பெட்டிக்கு வைத்திருக்கும் காசில் ஒரு பங்கை உங்கள் வீட்டின் எர்த்துக்கும் ட்ரிப் சுவிச்சுக்கும் செலவழியுங்கள். கோடையில் எங்கள் மணலும் சுண்ணாம்புக் கல்லும் காய்ந்துவிட்டால் எர்த் கம்பி கறண்டை நன்றாக இழுக்காது. அந்த நேரம் உயிரைக் காப்பது 30 மில்லி அம்பியர் கசிந்தாலே வெட்டுகிற ட்ரிப் சுவிச்தான். அது இல்லாத வீடும், இருந்தும் வேலை செய்யாத வீடும் ஊரில் இன்னும் இருக்கின்றன. தைப்பொங்கல் பட்டம் பார்க்கவோ, முத்துமாரியம்மன் தீர்த்தத்துக்கும் இந்திரவிழாவுக்குமோ நீங்கள் வரும்போது, வீட்டுக்குள் நுழைந்த அன்றே அந்தச் சுவிச்சில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். டக்கென்று விழவில்லை என்றால் மறுநாளே ஒருவரைக் கூப்பிட்டு மாற்றிவிடுங்கள். மாளிகை போல வீடு கட்டுகிறவர்களும் வாசல் தூணுக்குச் செலவழிக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. இது இன்றைக்கே செய்யக்கூடியது, காசு வேண்டியதில்லை. நீங்கள் முன்னர் அனுப்பிய சாமான் ஒன்று இப்போதும் ஊரில் ஓடிக்கொண்டிருக்கலாம். இன்று இரவு வீட்டுக்குக் கூப்பிடும்போது அது என்ன, எப்படிக் கொழுவியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். கமராவைத் திருப்பிப் பிளக்கைக் காட்டச் சொல்லுங்கள். எர்த் இல்லை என்றாலோ, ரான்ஸ்போமர் கொதிக்கிறது என்றாலோ, கறண்ட் இழுக்கிறது என்றாலோ நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள்: “அம்மா, அதைக் கழட்டி வையுங்கோ. எனக்கு மனவருத்தம் ஒண்டும் இல்லை. வேறை வாங்கித் தாறன்.” நான் நூறு தரம் சொல்லியும் கழற்றாததை உங்கள் ஒரு சொல்லுக்கு அவ கழற்றுவா.

உங்கள் ஊரவன்,
வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு வயரிங் தொழிலாளி